தலைவருக்கு அஞ்சலி எப்படிச் செலுத்துவது? பினாங்கு வட்டாரச் சங்கம் ஒன்றிலிருந்து ஒரு கேள்வி

5 மார்ச், இரவு 9.10 (கேள்வி)

எங்கள் சங்கத் தலைவர் மூன்றாம் தேதி விடியற்காலையில் தவறிவிட்டார். முப்பது வருடங்களுக்கு மேல் தலைவராக இருந்தவர். நேற்றுத் தகனம் முடிந்தது. இன்று செயலவை கூடியது. நாளிதழில் அரைப்பக்கக் கண்ணீர் அஞ்சலி, மண்டபத்துக்கு அவர் பெயர், வாசலில் மார்பளவுச் சிலை என்று மூன்று யோசனைகள் வந்தன. செயலவையில் நான்தான் இளையவன். ஏதோ உறுத்துகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. பழையவர்கள் சொல்லுங்கள். எது சரியான மரியாதை?

5 மார்ச், இரவு 11.35 (பதில்; இனி வருபவையும் இதே முன்னாள் பொருளாளர் எழுதியவை)

தம்பி, பதினாறாம் நாள் முடியும்வரை எதையும் முடிவு செய்ய வேண்டாம். நான் இந்தச் சங்கத்தில் பல காலம் பொருளாளராக இருந்தவள், மாதர் பிரிவில் இன்னும் இருக்கிறேன். அந்த வீட்டுக்குள் போய்வந்த உரிமையில் சொல்கிறேன்.

மூன்றாம் தேதி காலையில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். வீட்டில் நடந்த மரணம். அடுத்து என்ன செய்வது என்று கூடி நின்ற ஆண்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. இந்த வட்டாரத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் போன் தலைவருக்குத்தான் போகும், அவர் வந்து எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று பழகிவிட்டோம். அன்றைக்கு அவரே கிடத்தப்பட்டிருக்கிறார். ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்கிறார், இன்னொருவர் நேராக மின்சுடலைக்குப் பேசிவிடலாம் என்கிறார்.

அப்போது உள்ளேயிருந்து தலைவரின் மனைவி, நாம் அக்கா என்று கூப்பிடுகிறவர், வந்தார். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. "முதல்ல போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க. அவர் அடையாள அட்டை, போய்ச் சொல்றவங்க அடையாள அட்டை, ரெண்டு ஐ.சி.யும் எடுத்துக்குங்க. கிளினிக் கார்டும் மாத்திரைப் பையும் இருக்கட்டும், கேட்பாங்க. பெர்மிட் கைக்கு வந்த பிறகுதான் பத்து லஞ்சாங் சுடலைக்குப் பேசணும். ஏழு நாளுக்குள்ள பதிவிலாகாவில சாவைப் பதிஞ்சிடணும்."

வரிசை பிசகாமல் சொன்னார். தலைவர் முன்னறையில் உட்கார்ந்து ஊராருக்குச் சொன்னதை இத்தனை வருடம் அடுப்படியில் நின்று கேட்டவர். அந்த வீடுதான் சங்கத்தின் அலுவலகமாக இருந்தது. மண்டபம் கலியாணத்துக்கும் கூட்டத்துக்கும் மட்டுமே திறக்கும். அஞ்சலி பற்றிப் பேசுகிறவர்கள் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? செயலவையில் யாராவது கேட்டதாக எனக்குச் செய்தி வரவில்லை.

6 மார்ச், காலை 7.50

அரைப்பக்க விளம்பரம் வேண்டாம். முன்பு அதற்கு ஒரு தேவை இருந்தது. கூலிமிலும் தைப்பிங்கிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு நாளிதழைப் பார்த்துத்தான் சாவு தெரியும். இப்போது தகனம் முடிந்து, வந்தவர்களெல்லாம் வீடு திரும்பியாகிவிட்டது. இனி போடுகிற விளம்பரத்தில் அவர் படம் நடுவில் இருக்கும், சுற்றிலும் நம் செயலவையினர் படம் பதவியோடு வரிசையாக இருக்கும். பழைய செயலாளர் இறந்தபோது அப்படி ஒன்றை அச்சுக்குக் கொண்டுபோனார்கள். தலைவர் தன் படத்தை நீக்கச் சொன்னார். "செத்தது அவர், என் மூஞ்சி எதுக்கு?" என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் விருப்பம் தெரிந்த விஷயத்தில் நாம் புதிதாக யோசிக்க ஒன்றும் இல்லை.

6 மார்ச், இரவு 10.20

யார் யார் வந்தார்கள் என்று எழுதி வைக்கச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல யோசனை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சந்தை முனையில் குவேத்தியாவ் கடை வைத்திருக்கும் சீனக் கிழவர் கடையை மூடிவிட்டு வந்தார். வாசலில் நின்று மூன்று முறை குனிந்தார். பிறகு ஒரு ஓரமாக உட்கார்ந்து வெகுநேரம் எழவில்லை. சூராவ் என்கிற சிறு தொழுகைக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள், கார் நிறுத்த இடம் ஒழுங்கு செய்தார்கள். இந்த இரண்டு தரப்பும் ஒரு காலத்தில் வடிகால் பிரச்சினையில் நம்மோடு முட்டி மோதியவர்கள். தலைவர் மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்து நகராண்மைக்கு ஒரே மனுவாக எழுத வைத்தார். அதற்குப் பிறகு அந்த வடிகால் இருக்கிறதோ இல்லையோ, அந்த நட்பு இருந்தது.

பட்டர்வொர்த்திலிருந்து பெரிப் படகு ஏறி ஒரு பெண் வந்தார். அவரோடு, நன்றாக வளர்ந்துவிட்ட ஒரு பையன். எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவரே சொன்னார். கோயிலில் தாலி கட்டிக்கொண்டதோடு சரி, பதிவு செய்யவில்லை. அவர் கையில் இருந்தது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு ஐ.சி. பிள்ளை பிறந்தபோது அதனால் வந்த சிக்கல் பல வருடம் இழுத்தது. தலைவர்தான் கூடவே அலைந்தார். பையனுக்குக் குடிமக்களுக்கான நீல ஐ.சி. கிடைத்த அன்றைக்கு மூன்று பேரும் பதிவிலாகா வாசலில் நின்று கோப்பி குடித்தார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவர் தலைவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பையனும் கும்பிட்டான்.

இளையவர்களுக்கு இது விளங்காது என்பதால் சொல்கிறேன். 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து, கோயிலில் எவ்வளவு விமரிசையாகக் கலியாணம் செய்தாலும் பதிவு செய்யாவிட்டால் சட்டத்துக்கு அது கலியாணம் இல்லை. அப்படிப்பட்ட தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளை குடியுரிமை விஷயத்தில் தாயைத்தான் தொடரும். தாய் குடிமகள் இல்லையென்றால், அப்பா நீல ஐ.சி. வைத்திருந்தும் பிள்ளை நாடற்றதாகிவிடக்கூடும். பிறப்பையும் 60 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதமானால் கேட்கிற பத்திரங்கள் கூடிக்கொண்டே போகும். தலைவர் போகிற கலியாணத்திலெல்லாம் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையிடம் கேட்கும் முதல் கேள்வி, "பதிஞ்சாச்சா?" பல பேருக்கு அது எரிச்சலாக இருந்தது. எத்தனை பிள்ளைகள் அந்தக் கேள்வியால் தப்பித்தார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

8 மார்ச், மாலை 6.05

மேலே ஒருவர் கேட்கிறார்: நல்லுடலை ஏன் மண்டபத்தில் வைக்கவில்லை, பொதுமக்கள் பார்க்க வசதியாக இருந்திருக்குமே, குடும்பம் சங்கத்தை மதிக்கவில்லையா?

நான் அங்கே இருந்தேன், அதனால் நடந்ததைச் சொல்கிறேன். செயலவையிலிருந்து இரண்டு பேர் அக்காவிடம் போய், "தலைவர் ஊருக்குச் சொந்தம், ஒரு நாள் மண்டபத்தில் வைக்கலாம்" என்றார்கள். அக்கா அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷம் ஊருக்குத்தானே கொடுத்தேன். இன்னைக்கு ஒரு நாள் வீட்டுல இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் வாதம் செய்தவர்களை நான்தான் வெளியே கூட்டி வந்தேன்.

கடைசியில் ஊர்வலம் மண்டபத்து வாசலில் சற்று நேரம் நின்றது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிவபுராணம் படித்தார்கள். அப்புறம் பத்து லஞ்சாங். அது போதும். சங்கத்தை மதிக்கவில்லை என்று சொல்கிறவர்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்தது பின்கட்டில், ஏனென்றால் முன்னறையில் எப்போதும் யாராவது ஒரு மனுப் பாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தீபாவளியன்று காலையில்கூட ஆள் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவைத் தனியாக வைத்துப் பிள்ளைகள் ஒரு வார்த்தை பேச வேண்டுமானால் காரில் போகும்போதுதான் முடியும். சாவிலாவது அவர் முழுதாக அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஒரு மனைவி நினைப்பதில் என்ன தப்பு?

9 மார்ச், இரவு 12.15

தூக்கம் வரவில்லை. தைப்பூசம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஜாலான் உத்தாமாவிலும் கெபுன் பூங்கா சாலையிலும் தண்ணீர்ப் பந்தல்கள் வருடத்துக்கு வருடம் பெரிதாகி, ஒலிபெருக்கி ஒன்றையொன்று மீறும் அளவுக்குப் போனபோது, நம் பந்தலில் ஒலிபெருக்கியே வேண்டாம் என்று சொன்னவர் அவர். பையன்கள் முறுக்கிக்கொண்டார்கள். "காவடி எடுத்துட்டு வர்றவன் காதுல முருகன் பேர்தான் விழணும்" என்றார். மோர், பானகம், சுக்குத் தண்ணீர், இட்லி, அவ்வளவுதான் நம் பந்தலில். தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து இறங்கி வருகிற வயசானவர்களுக்கு நாற்காலி இருக்கும். இரவு இரண்டு மணிக்குமேல் மற்றவர்கள் சோர்ந்து உட்காரும் நேரத்தில் அவர் கறுப்புப் பையோடு கிளம்பிவிடுவார், நம் பந்தல் குப்பை மட்டும் இல்லாமல் பக்கத்துப் பந்தல் குப்பையும் சேர்த்துப் பொறுக்க. நகராண்மைத் துப்புரவுப் பணியாளர்கள் காலையில் வந்து பார்த்துவிட்டு அவரை "போஸ்", அதாவது முதலாளி, என்று கூப்பிடுவார்கள். அந்த ஒரு பட்டம்தான் அவருக்குக் கிடைத்தது. டத்தோ பட்டத்துக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று ஒரு முறை கேட்டபோது, வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

வெள்ளி ரதம் வரும்போது மட்டும் அவர் எல்லா வேலையையும் விட்டுவிடுவார். பந்தல் ஓரத்தில் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் போய் எதையும் கேட்க மாட்டார்கள்.

11 மார்ச், இரவு 9.40

"எல்லோரும் புகழ்கிறீர்கள், அவர் பிடிவாதக்காரர், அடுத்த தலைமுறையை வளர்க்கவில்லை, நாற்காலியை விடவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவரைச் சிலர் திட்டியிருக்கிறார்கள். திட்டாதீர்கள். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. துக்கத்தில் இருக்கிறோம் என்பதற்காக உண்மையை ஒளிக்க வேண்டியதில்லை. தலைவரே அதை விரும்பமாட்டார்.

ஆமாம், அவர் பிடிவாதக்காரர்தான். கணக்கில் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) குறைந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பமாட்டார். அதே ஆள், தன் கைக்காசில் செய்த பயணச் செலவுக்கு ஒரு சீட்டும் வைக்கமாட்டார். பொருளாளர் என்ற முறையில் நான் கேட்டிருக்கிறேன்: "எழுதி வாங்கிக்குங்க, நாளைக்கு வர்ற தலைவர் ஏழையா இருந்தா அவர் எப்படி இந்த வேலையைச் செய்வார்?" சிரித்துவிட்டுப் போய்விடுவார். அது தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைவர் என்றால் சொந்தப் பணத்தைப் போட வேண்டும் என்ற எண்ணத்தை அது வட்டாரத்தில் ஆழமாக விதைத்துவிட்டது. அந்த எண்ணத்தாலேயே நல்ல இளைஞர்கள் சிலர் பதவிக்கு வரப் பயப்படுகிறார்கள்.

நாற்காலி விஷயம் கொஞ்சம் வேறு. ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும், "வேறு யாராவது நில்லுங்க" என்று அவர் சொன்னது கூட்டக் குறிப்பில் இருக்கிறது, நானே எழுதியிருக்கிறேன். யாரும் கை தூக்கவில்லை. அதற்கு நாம் எல்லோரும் பொறுப்பு. ஆனால் கை தூக்கும்படி ஒருவரைத் தயார் செய்வது தலைவரின் வேலை. அதை அவர் செய்யவில்லை. வேலையைப் பிறரிடம் கொடுத்தால் தாமதமாகும், அதற்குள் அந்தக் குடும்பம் தவித்துப் போகும் என்று எல்லாவற்றையும் தானே சுமந்தார். அந்தப் பரிவே சங்கத்தின் பலவீனமாகவும் ஆனது. இதைச் சொல்லும்போது என் கண் கலங்குகிறது. அவர் மேல் உள்ள அன்பு இதனால் குறையவில்லை.

12 மார்ச், காலை 8.15

செயலாளருக்கு மட்டும். சங்கத்தின் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுபவர்களில் தலைவரும் ஒருவர். புதிய பொறுப்பாளர்களைச் சட்டவிதிப்படி தேர்ந்தெடுத்து, சங்கப் பதிவிலாகாவுக்குத் தெரிவித்து, அந்தப் பட்டியலும் கூட்டக் குறிப்பும் கையில் இல்லாமல் வங்கிக்குப் போனால் திரும்பித்தான் வருவீர்கள். துணைத்தலைவர் இடைக்காலத் தலைவராக இருக்க நம் விதியில் இடம் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை போக வேண்டும் என்பதும் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தில் உள்ளது. துக்கம் என்று தள்ளிப்போட்டுப் பதிவையே இழந்த சங்கங்கள் உண்டு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் டியூஷன் ஆசிரியர்களுக்கு மாதச் சம்பளம் அந்தக் கணக்கிலிருந்துதான் போகிறது. அது ஒரு மாதம் நின்றாலும் அவருக்கு அவமரியாதை.

14 மார்ச், இரவு 10.50

சிலைக்கு ஆதரவாக ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெரியவர்களுக்கு நாடு எப்படி மரியாதை செய்திருக்கிறது பாருங்கள், கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் சாலைக்கே முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பெயர் இருக்கிறதே, கட்டடம் இருக்கிறதே என்கிறார்.

சரி, அவரையே எடுத்துக்கொள்வோம். 1979-இல் அவர் மறைந்தபோது என் அப்பா அழுததை நான் பார்த்தேன். அப்பா அரசியல் பேசுகிற ஆள் இல்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம், தொழிலாளி குடும்பங்கள் நடுத்தெருவில் நின்ற காலம். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரம் (ரப்பர்) சீவிப் பால் எடுக்கிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே விலைக்கு வாங்கலாம் என்று சொன்னவர் துன். அப்பா அதில் ஓர் உறுப்பினர். அந்தப் பங்குப் பத்திரத்தை ஐ.சி.யோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருந்தார். அப்பாவை அழவைத்தது அந்தப் பத்திரம். சாலையின் பெயர் அதற்குப் பிறகு வந்தது.

துன் தோட்டம் தோட்டமாகப் போனபோது அவர் மனைவி தோ புவான் உமாவும் கூடப் போனார். பெண்களிடம் போய்ப் பேசினார். லயத்து வீட்டில் பத்து வெள்ளியை எடுத்துக் கொடுக்க வேண்டியவள் பெண்தானே, அவளுக்கு நம்பிக்கை வராமல் அந்தக் காசு வெளியே வராது. என் அம்மா துன்னைவிட அவரைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்.

இன்னொன்றும் சொல்கிறேன். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. சாதாரண ஆட்கள் கொடுத்தார்கள். ஒரு பணக்காரரிடம் ஒரே காசோலையாக வாங்கியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், ஆனால் அது தங்கள் வீட்டுக் காரியம் என்று இத்தனை பேருக்குத் தோன்றியிருக்காது.

தலைவர் பெயரில் ஏதாவது செய்வதென்றால் இந்த வழியில் செய்வோம். மண்டபத்துக்குப் பெயர் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை, யோசிக்க யோசிக்க அது நல்லதென்றே படுகிறது. பிள்ளைகள் அந்தப் பெயரைப் படித்து "இவர் யார்?" என்று கேட்பார்கள். சிலைக்குத்தான் மனம் ஒப்பவில்லை. தன் படத்தையே நீக்கச் சொன்ன மனிதருக்குச் சிலை வைத்துவிட்டு நாம் எந்த முகத்தோடு அதைக் கடந்து போவது?

19 மார்ச், மாலை 5.30

நேற்றுக் கருமக்கிரியை முடிந்தது. குடும்பத்தார், நெருங்கியவர்கள் என்று சிறிய அளவில்தான். சங்கத்திலிருந்து கூட்டமாகப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், கேட்டுக்கொண்டதற்கு நன்றி. அக்காவுக்குப் பிடித்த மாதிரி நடந்தது. மூத்த மகன் சிட்னியிலிருந்து வந்தவர் இந்த வாரம் திரும்புகிறார். மகள் கூட இருப்பார்.

சமையல் கட்டில் அக்காவோடு உட்கார்ந்திருந்தபோது மண்டபத்துக்குப் பெயர் வைப்பது பற்றிக் கேட்டேன். "வைங்க" என்றார். சிலை பற்றிக் கேட்டேன். "வேண்டாம்" என்றார். வேறு ஏதாவது ஆசை இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

22 மார்ச், இரவு 8.00

இரங்கல் கூட்டம் 29-ஆம் தேதி. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன், ஆலோசனை கேட்டதால் சொல்கிறேன். பேசுகிறவர்கள் பட்டியலில் பதவி உள்ளவர்கள் மட்டும் இருக்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினர், கோயில் நிர்வாகம், மூன்று சங்கங்கள். வரட்டும், மரியாதைக்குரியவர்கள்தான். அவர்களுக்கு மூன்று மூன்று நிமிடம் கொடுங்கள். மீதி நேரம் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு. பட்டர்வொர்த்துப் பெண்மணிக்கு நானே போன் செய்து கேட்டேன், பேசச் சம்மதித்தார். குவேத்தியாவ் கடைக்காரர் ஹொக்கியனில் பேசுவார், அவர் பேரன் மலாயில் சொல்லுவான்.

அக்காவை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டாம். துக்கத்தில் இருக்கிற பெண்ணைச் சபை நடுவில் காட்சிக்கு வைக்கிற மாதிரி ஆகிவிடும். முதல் வரிசையில் மகளோடு உட்காரட்டும், நினைத்த நேரத்தில் எழுந்து போக வசதியாக ஓரத்து நாற்காலி.

30 மார்ச், காலை 10.10

நேற்றைய கூட்டத்துக்கு வராதவர்களுக்காக.

மண்டபம் கொள்ளவில்லை. வெளியே கூடாரம் போட்டும் நின்றார்கள். தேவாரத்தோடு தொடங்கியது. பதவியில் உள்ளவர்கள் சொன்ன நேரத்தில் முடித்தார்கள், சட்டமன்ற உறுப்பினர் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டுக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக மக்கள் வந்தார்கள். ஊழியர் சேமநிதியின் 2,500 வெள்ளி மரண உதவிக்கு ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது தெரியாமல் இருந்த ஒரு தாய். கெடு முடிவதற்குள் தலைவர் வீடு தேடிப் போய்ப் பாரத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறார். எஸ்.பி.எம். தேர்வில் தோற்றுவிட்டு வீட்டை விட்டு ஓடிய ஒருவரை ஈப்போ பேருந்து நிலையத்தில் கண்டுபிடித்து, ஒரு கேள்வியும் கேட்காமல் சாப்பாடு வாங்கிக் கொடுத்து அழைத்து வந்திருக்கிறார். அவர் இன்று கம்பிவேலை குத்தகை எடுத்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறார். மேடையில் அழுதார். இதெல்லாம் பொருளாளராக இருந்த எனக்கே தெரியாது.

கூட்டம் முடிந்து நடந்ததுதான் முக்கியம். தலைவர் வீட்டில் கனமான நோட்டுப் புத்தகங்கள் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். யார் வந்தார், என்ன பிரச்சினை, எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் மனுக் கொடுத்தது, கோப்பு எண் என்ன என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்த எழுத்து அக்காவுடையது என்பது நேற்றுத்தான் பல பேருக்குத் தெரிந்தது. தலைவர் சொல்லச் சொல்ல இவர் எழுதியிருக்கிறார். சில பக்கங்களில் தலைவர் மறந்துவிட்ட தேதியை இவரே தனியாகக் குறித்து, அவர் சட்டைப்பையில் துண்டுச் சீட்டு வைத்து அனுப்பியிருக்கிறார்.

செயலவை இளைஞர்கள் அவற்றைப் படமெடுத்து மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம், தலைவரின் தொண்டுக்குச் சாட்சி என்றார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். அக்கா முடியாது என்றார். "அதுல இருக்கிறது நம்ம பெருமை இல்ல. அவங்கவங்க வீட்டுக் கஷ்டம். யார் புள்ளைக்கு அப்பா பேர் இல்ல, யார் புருஷன் ஜெயிலுக்குப் போனான், எல்லாம் எழுதியிருக்கு. அதை வெளியே வைக்கிறதா?"

அங்கே இருந்தவர்கள் வாயடைத்துப் போனோம். அடுத்து அவர் சொன்னது: இன்னும் முடியாத மனுக்கள் ஏழு இருக்கின்றன. அதில் மூன்று பிறப்புப் பத்திரம், ஒன்றுக்கு ஏப்ரலில் நேர்காணல். "அதை யார் பார்க்கப் போறீங்க?"

கேள்வி கேட்டுத் தொடங்கிய தம்பி கை தூக்கினார். கூட மாதர் பிரிவிலிருந்து ஒரு பெண், கணக்காய்வாளராக வேலை பார்க்கிறவர்.

அப்போதுதான் அக்கா தன் ஆசையைச் சொன்னார். இனி இந்த வேலை வீட்டில் நடக்கக்கூடாது, மண்டபத்தில் ஒரு மேசை போட்டு நடக்க வேண்டும். தானும் வாரம் ஒரு நாள் வந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார். முன்னறையை அவர் தனக்கு வைத்துக்கொள்ளப் போகிறார். பேரப்பிள்ளைகள் வந்தால் விளையாட இடம் வேண்டும் என்றார்.

இதைவிடப் பெரிய அஞ்சலி எதுவும் நம்மால் அவர் குடும்பத்துக்குச் செய்ய முடியாது. ஆண்டுக் கூட்டத்தில் இந்த மேசைக்கு ஒரு செலவுக் கணக்கைத் தீர்மானமாகக் கொண்டுவருவேன். பெட்ரோல், அச்சு நகல், முத்திரைக் கட்டணம் எல்லாம் அதில் வரும். உட்காருகிறவர்கள் சீட்டு வைத்துப் பணம் வாங்கியே ஆக வேண்டும், வேண்டாம் என்றாலும் விடமாட்டேன். நிதி ஆளுக்குப் பத்து வெள்ளி, அதற்கு மேல் ஒருவரிடமும் வாங்குவதில்லை என்று நேற்றே பேசி முடித்தோம்.

3 ஏப்ரல், இரவு 9.25

மேசை போட்டாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மாலை 7.30 முதல் 9.30 வரை, மண்டபத்து இடது பக்க அறை. ஊரில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், இந்தியர்கள் மட்டும் என்றில்லை, யார் வந்தாலும் பார்ப்போம்.

நோட்டுப் புத்தகங்கள் அக்காவின் அலமாரியிலேயே இருக்கும். முடியாத ஏழு மனுக்களின் விவரத்தை மட்டும் அந்தக் குடும்பங்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகு புதிய கோப்பில் எழுதிக்கொண்டோம். ஒரு குடும்பம் இடம் மாறிவிட்டது, பிறை ஊரில் இருப்பதாகக் கேள்வி. தேடிக்கொண்டிருக்கிறோம்.

வருகிறவர்களுக்கு: ஐ.சி., பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவுப் பத்திரம் ஆகியவற்றின் அசலைக் கொண்டுவாருங்கள், நகலும் வேண்டும். பத்திரங்களை லேமினேட் செய்யாதீர்கள். பிள்ளை பிறந்த மருத்துவமனையில் கொடுத்த சீட்டு எவ்வளவு கசங்கியிருந்தாலும் எறியாமல் எடுத்து வாருங்கள். சாவு என்றால் செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். இரண்டு கைப்பேசி எண்கள் மண்டபக் கதவில் ஒட்டியிருக்கின்றன, எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.